காதில் பஞ்சு வைத்த துரை

நேற்று யானைக்கவுனி நடைபாதையில் பழைய புத்தகக் குவியலைத் தாண்டும்போது கால் நின்றுவிட்டது. திறந்து கிடந்த ஒரு புத்தகத்தின் முதல் பக்கத்தில், அந்தக் காலத்தில் நீ படித்துச் சொன்ன உன் துரையின் படம். வழுக்கைத் தலை, இரண்டு கன்னத்திலும் பஞ்சு ஒட்டியதுபோல் முடி, நடுவில் மழித்த முகவாய். எழுத்து தெரியாவிட்டால் என்ன, அந்த முகம் எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்ததும் மருமகளை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல உனக்கு இந்தக் கடிதத்தை எழுதச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் போன புதிது. நாம் ஒரே கட்டுமரத்து ஆட்கள். மிஷன் பள்ளியில் படித்தவன் நீ ஒருத்தன்தான். மத்தியானம் ராயபுரம் கரையில் வலை சரிபார்க்கும்போது துரையின் கதையைப் படித்துச் சொல்வாய். சீமையில் ரயில் பாதை போடும் இஞ்சினியராக இருந்தவர், காலேஜ் வாசல் மிதிக்காதவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர். நட்சத்திரத்திலிருந்து நாடு நகரம் வரை எல்லாமே ஒன்றாய்த் தொடங்கிப் பலவாய்ப் பிரிந்து வளர்கிறது என்று எழுதியவர். அமெரிக்காவில்கூடப் பெரிய பணக்காரர்கள் அவரைக் கொண்டாடினார்களாம். யாராவது பேசிப் பேசித் தொல்லை கொடுத்தால் காதில் அடைப்பான் வைத்துக்கொள்வாராம்.

"எங்க வூட்டுக்காரருக்கு அது வாணாம்ணா, தானாவே காது கேக்காது" என்றாள் என் மனைவி. அன்றிலிருந்து வாதத்தில் தோற்கும்போதெல்லாம் நீயும் காதில் பஞ்சு வைக்க ஆரம்பித்தாய்.

கரை சேர்ந்து மீனைக் கூறு போடும்போது, கடலுக்கு வர முடியாதவருக்கும் ஒரு கூறு வைப்பது நம் குப்பத்து வழக்கம். நம்மோடு கட்டுமரம் ஏறி, கண் மங்கி உட்கார்ந்துவிட்ட கிழவருக்கு வைக்கும்போது ஒருநாள் நீ மறித்தாய்.

"இன்னாத்துக்கு மாமு? வலுவு கீறது நிக்கும், இல்லாதது உதிரும். தொரை எழுதிகீறாரு."

"தொரை என்னிக்கு மரம் தள்ளினாரு?" என்றேன். நீ பஞ்சைத் தேடினாய். கிழவர் பக்கத்தில்தான் இருந்தார். மறுநாளிலிருந்து அவர் கரைக்கு வரவில்லை. கூறை நான் குடிசைக்கே கொண்டுபோனேன்.

ஐப்பசி அலையில் மரம் புரண்டு உன் கால் முறிந்தது. உனக்கும் ஒரு கூறு வைத்தோம். நான் கொண்டுவந்தபோது உன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. உன் மனைவி சட்டியை நீட்டினாள்.

"வாணாம். சொன்ன வாயாலயே துன்ன சொல்றியா?" என்று இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டாய்.

"ரோசம் நெறய கீது. அத்த கொயம்பு வெக்க முடியாது" என்றாள் அவள். நான் எழுந்து போகவில்லை. வெகுநேரம் கழித்து நீயே பஞ்சை எடுத்தாய்.

"கெயவனுக்கு குட்த்தியா?"

"அவருக்கு குட்த்துட்டுதான் வரேன்."

"அப்ப வெய்."

படுத்தபடியே புத்தகத்தை மறுபடி முழுக்கப் படித்தாய். "அவசரத்துல தாண்டிட்டேன் மாமு. சர்க்கார் தாங்கிப் புடிக்கறதத்தான் தொரை வாணாங்கறாரு. மனுசனுக்கு மனுசன் செய்றத நல்லதுன்னுதான் எழுதிகீறாரு" என்றாய். கால் சரியாகிக் கடலுக்கு வந்த முதல் நாள், கிழவரின் கூறை நீயே சுமந்து போனாய்.

இப்போது மரம் போய் இஞ்சின் படகு வந்துவிட்டது. பிள்ளைகள் கரை சேர்ந்தால் கூறு போட நான்தான் உட்காருகிறேன். "வராதவனுக்கு எதுக்கு தாத்தா?" என்று எவனாவது கேட்டால் வாதாடுவதில்லை. மடியிலிருந்து பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, அந்தக் கூறைத்தான் முதலில் வைக்கிறேன்.