நான் வெட்டிய கான்

கஹவத்தை, மேற்பிரிவு
செப்டம்பர் 14

அன்பு மகன் பிரதீபனுக்கு அப்பா எழுதுவது. கோணல் எழுத்துக்கு மன்னித்துக்கொள், ஒரு வரி மேட்டில் ஏறுகிறது, ஒரு வரி பள்ளத்தில் இறங்குகிறது, ஆனாலும் எழுபத்தொரு வயதில் யாரையும் கெஞ்சாமல் நானே எழுதுகிற முதல் கடிதம் இது, நினைத்தால் சிரிப்பு அடங்கவில்லை. நாலு எழுத்து வந்ததும் கிழவனுக்குக் கங்காணி நினைப்பு என்று அம்மா கேலி செய்கிறாள். நாங்கள் இருவரும் சுகம், அவள் முழங்கால்தான் படி ஏறும்போது சண்டை போடுகிறது. நீயும் ஜீவராணியும் பிள்ளையும் சுகமாக இருக்க மாரியம்மனைக் கும்பிடுகிறேன்.

மகனே, முந்தாநாள் போனில் உன் வீட்டுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் ஓடுகிற கானை மூடு என்றேன். நீங்க வெட்டின கானை நீங்களே மூடச் சொல்றீங்களாப்பா என்று சிரித்தாய். நான் போனை வைத்துவிட்டேன். போன வாரம் டிஸ்பென்சரி சுவரில் மண்சரிவு நோட்டீஸை எழுத்துக் கூட்டி வாசித்தேன். மழைத் தண்ணீரைச் சரிவு விளிம்பில் விடாதீர்கள், மண் ஊறிக் கனத்து இறங்கும் என்று போட்டிருந்தது. வாசித்து முடித்த சந்தோஷம் ஒரு நிமிஷம், பிறகு உன் வீட்டுக் கான் நினைவுக்கு வந்தது. முப்பத்தெட்டு வருஷம் தேயிலை மலையில் கான் வெட்டினவன் என்ற திமிரில், கடலோர மேட்டில் நீ கட்டின வீட்டு முற்றத்துத் தண்ணீரையும் சாய்வாக இழுத்துக் கடல் பக்க விளிம்பில் விட்டேன். இங்கே அது கல் ஓடையில் விழும். அங்கே கல் ஏது, வெயிலிலும் மழையிலும் உளுத்த செம்மண். கடல் வருஷா வருஷம் ஏறி வந்து மேட்டின் அடியை அரிக்கிறது, நான் மேலேயிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

உன் வீட்டுக் குசினி அடுப்போடு கடல் பக்கம் சரிந்த அன்று, கடலுக்குத் தீனி போடவா இந்த நிலத்தைச் சீதனமாகத் தந்தீங்க என்று உன் மாமனார் செல்லையாவை நாலு பேர் முன்னால் கேட்டாய். மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கான் வாய் இருந்த இடத்தில்தான் மண் முதலில் வெடித்திருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உன் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டினேன். இரண்டு வருஷமாக நீ அவர் வாசலை மிதிக்கவில்லை, ஜீவராணி தனியாகப் போய் வருகிறாள். கடல் மேல் குற்றம் இருக்கிறது, என் மேல் இருக்கிறது, அவர் மேல் இல்லை.

மழைக்கு முன்னால் கானை மூடித் தண்ணீரை ரோட்டுப் பக்கம் திருப்பு. பின் அறையில் பிள்ளையைப் படுக்க வைக்காதே. தரையில் வெடிப்பு கண்டால், தென்னை சாய்ந்தால், ஒன்றையும் எடுக்காமல் வெளியேறு. இந்தக் கடிதத்தைச் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோய் அவருக்கு வாசித்துக் காட்டு, நான் தலையாட்டினதையும் விடாமல் வாசி. அம்மன் துணையிருப்பாள். அடுத்த வாரம் அவருக்கே எழுதுவேன், அவர் பேரைப் பலகையில் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா
பெரியண்ணன்