காது மெஷின் பேட்டரி

மார்ச் 12, வியாழன்

சாப்பிட்டுவிட்டு நான், என் வீட்டுக்காரர், மாமியார் மூவரும் அந்த வெப் சீரிஸைப் பார்த்தோம். குடும்பமே கேடுகெட்ட குடும்பம், அதுதான் காமெடி. இன்றைக்கு மருமகள், நச்சரிப்பு தாங்காமல், தூங்குகிற மாமியாரின் காது மெஷினிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுகிறாள். கிழவி எழுந்து, வீட்டில் சண்டையெல்லாம் ஓய்ந்துவிட்டதென்று சாமிக்குக் கற்பூரம் ஏற்றுகிறாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. "இதெல்லாம் ரொம்ப ஓவரு. வயசானவங்க காதுலயா வெளையாடுவாங்க?" என்றார்.

"காமெடிதானேங்க. இவ்வளவு மோசமான ஆளுங்க நெசத்துல எங்க இருக்காங்க?" என்றேன்.

நடுவில் உட்கார்ந்திருந்த அத்தைக்கு எதுவும் காதில் விழவில்லை. அவருடைய மெஷினில் ஞாயிறே பேட்டரி தீர்ந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவரும் சிரித்தார். பிறகு என் தொடையைத் தட்டி, "என்னா கண்ணு அப்பிடிச் சிரிக்கற? எனக்குஞ் சொல்லு" என்றார். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன்.

புது பேட்டரியைத் திங்கட்கிழமையே தருமபுரியில் வாங்கிவிட்டேன். கைப்பையில் இருக்கிறது. மாட்டிவிட மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதினேன், கோடு போட்டு அடித்துவிட்டேன். காரிமங்கலத்தில் இருக்கும் அம்மாவிடம் இந்த நாலு நாளாகத்தான் போனில் வாய்விட்டுப் பேசுகிறேன்.

காலையில் மாட்டிவிட வேண்டும். எப்போது வாங்கினாய் என்பார். நான் சொல்லும் பதில் அவர் காதில் நன்றாகவே விழும்.