என் மகளின் முதல் நடை உன்னிடம் இருந்தது

நேற்று உப்புவெளியில் பஸ்ஸுக்காக நின்றபோது, விடுதி ஒன்றின் மதிலைத் தாண்டிக் கஞ்சாப் புகை வந்தது. சற்றுத் தள்ளிப்போய் நின்றேன். இழுக்கும் ஆசை வரவில்லை. உன்மேல் இருந்த பொறாமைதான் வந்தது. நீ மௌத்தாகி, உன்னை அடக்கி, இரண்டாவது மழைக்காலமும் போய்விட்டது, மச்சான். அது மட்டும் போகவில்லை.

நம் கராஜில் வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்திக்கொண்டு, ஒரே சுருளை மாறி மாறி இழுத்தே இளமையைக் கழித்தவர்கள் நாம். உன் மகன் பிறந்த கிழமை நீ நிறுத்தினாய். "நீயும் விடு, தனிய எனக்கு ஏலாது" என்றாய். விட்டேன். முதலில் இருவருக்கும் ஒன்றுபோலத்தான் இருந்தது: நித்திரை இல்லை, போட்ட சேட்டெல்லாம் வியர்வை, தொட்டதற்கெல்லாம் கோபம். அதற்குப் பிறகுதான் நீ என்னை விட்டுவிட்டு முன்னே போனாய்.

புகையில் மறந்துபோன பழையதெல்லாம் உனக்கு ஒவ்வொன்றாகத் திரும்பியது. எந்த வள்ளம் போன வருஷம் என்ன பழுதோடு வந்தது என்று கரையில் நின்றே சொல்வாய். நானோ காபரேட்டரைக் கழற்றிவிட்டு, ஸ்பனரைப் பிடித்தபடி, அடுத்தது என்னவென்று தெரியாமல் நிற்பேன். கழற்றும் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி, கழற்றிய வரிசையிலேயே சாக்கின்மேல் வைக்கப் பழக்கினாய். தேத்தண்ணி நேரத்தில் பத்திரிகையை நீட்டுவாய்.

"வாசிச்சதைச் சொல்லு பாப்பம்."

"மறந்துபோச்சு."

"மறக்கல்ல. நீ கவனிக்கல்ல. திரும்ப வாசி."

நீ சொன்னது சரிதான். முதலில் ஒரு பத்தி, பிறகு ஒரு பக்கம் என்று மெல்ல மெல்ல மனதில் நின்றது. ஆனாலும் உன் வாயால் அதைக் கேட்க எரிச்சலாக இருந்தது. நீ இழுத்ததும் அதே புகைதானே?

என் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கன்று அந்த எரிச்சல் நெருப்பானது. சாப்பாட்டுக்குப் பிறகு சொந்தக்காரர் நடுவே கதிரையை இழுத்துப் போட்டு, அவள் முதன்முதல் நடந்த கதையைச் சொன்னாய். சல்லிக் கடற்கரையில், காயப்போட்ட வலையைப் பிடித்து நின்றவள், ஒரு நாய்க்குட்டியைக் கண்டதும் கையை விட்டுவிட்டு நாலைந்து அடி ஓடினாளாம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் தலைக்குள் வலையும் இல்லை, நாய்க்குட்டியும் இல்லை.

"அப்ப அப்பா எங்க, மாமா?" என்று மகள் கேட்டாள்.

"எனக்குப் பக்கத்திலதான். அவன்தான் முதல்ல கை தட்டினவன்."

அன்றிலிருந்து தன் சின்ன வயதைப் பற்றி எதுவென்றாலும் அவள் உன்னிடம்தான் கேட்டாள். பெற்றவன் நான், அவள் வளர்ந்த கதை உன்னிடம். ஆசுபத்திரிக்குப் போய், எனக்கும் பழைய ஞாபகம் திரும்புமா என்று மருத்துவரிடம் கேட்டேன். "இனி நடக்கிறது மனசில நிக்கும். அந்த நேரம் பதியாததை இப்ப தேடி எடுக்க ஏலாது" என்றார்.

நேரே உன்னிடம் வந்தேன். "உண்மையா நான் கை தட்டினனானோ, இல்லாட்டிப் பிள்ளைக்காகச் சொன்னனியோ?"

எஞ்சினிலிருந்து தலையைத் தூக்காமலே, "தட்டினாய்டா. தட்டிப்போட்டு அழுதாய்" என்றாய். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அன்று வேலைக்கு நிற்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

பிறகு உனக்கு டெங்கு வந்தது. கடைசி நாள் பின்னேரம் உன் மனைவி உடுப்பு எடுத்துவரக் கிண்ணியாவுக்குப் போயிருந்தார். ஆசுபத்திரிக் கட்டிலருகே நான் மட்டும். காய்ச்சலில் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாய்.

"எஞ்சின் பூட்டியாச்சா?"

"ஓம், பூட்டியாச்சு."

"எல்லாம் வரிசையா வெச்சியா?"

"வெச்சனான்."

கொஞ்சம் பொறுத்து, "மகனுக்கு நீந்தப் பழக்கணும். குளத்தில வேணாம், கடல்ல" என்றாய். உன் மனைவி திரும்பி வருமுன் உன் பேச்சு நின்றுவிட்டது.

ஜனாஸா அடக்கம் முடிந்து சில நாட்களில் உன் மனைவி என்னைக் கூப்பிட்டனுப்பினார். "அண்ணன், கடைசியா என்ன சொன்னாரு?"

ஒரு சொல் விடாமல், நீ கேட்ட வரிசையிலேயே சொன்னேன். எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாய், எந்தச் சொல்லில் இருமினாய் என்பதுகூட எனக்குத் தெரிந்தது. அவர் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் அறிவேன். எத்தனையோ தடவை அதே கண்ணால் உன்னைப் பார்த்திருக்கிறேன்.

"நான் இருந்து கேட்டிருக்க வேண்டிய கதை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ட பேரைச் சொன்னாரா?"

நீ சொல்லவில்லை.

"ஓம், சொன்னவன்" என்றேன்.

அப்போதுதான் அழுதார். இப்போதும் பார்க்கப் போனால் அதே கதையைக் கேட்கிறார். நான் சொல்கிறேன். நீ உண்மையில் சொன்ன சொற்களோடு, சொல்லாத அந்தப் பெயரையும் அது வரவேண்டிய இடத்தில் பிசகாமல் வைக்கிறேன். இரண்டையும் இனி நான்தான் மறக்காமல் இருக்க வேண்டும்.