ஒரு பிடி வயிறு

மார்ச் 4, செவ்வாய்
வந்தவர் ஒருவரின் காது மடலில் கத்தரி பட்டுவிட்டது. சின்னக் கீறல்தான். சிரித்துவிட்டுப் போனார். என் கட்டைவிரல் கத்தரி வளையத்துக்குள் மடங்க மாட்டேன் என்கிறது. சலூன் முதலாளியம்மா, "கொஞ்ச நாள் கல்லாவுல உட்காரும்மா" என்றார். முடி வெட்டத்தான் நான் வந்தேன். காசு வாங்கிப் போடவா?

மார்ச் 11
தோல் இறுகும் நோய் என்று போன வருஷமே சொல்லிவிட்டார்கள். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே என் தோலைத் தாக்குகின்றனவாம். இன்று ரத்தப் பரிசோதனை முடிவு: அடிபோனெக்டின் என்ற ஹார்மோன் குறைவு.

"கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லைம்மா, இந்த ஹார்மோன் அதுலதான் சுரக்கும்" என்றார் டாக்டரம்மா. "தோல் இறுகாம பார்த்துக்கறதுல இதுக்கும் பங்கு இருக்குன்னு நினைக்கிறோம்."

"அப்போ குண்டானா சரியாயிடுமா?"

"இல்ல. ரொம்பக் குண்டானவங்களுக்கும் இது குறையும்."

இது என்ன நியாயம்?

ஆனால் வேறொரு வழி உண்டு. வயிற்றுக் கொழுப்பை எடுத்து ஊசியால் விரல்களில் செலுத்துவது. சிலருக்கு விரல் இளகுகிறது, சிலருக்கு இல்லை. என் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார். "எடுக்க ஒண்ணுமே இல்லையே."

ஊரே பொறாமைப்பட்ட ஒட்டிய வயிறு.

மார்ச் 12
அக்காவிடம் சொன்னேன். "என்கிட்டேர்ந்து எடுத்துக்கச் சொல்லுடி, ரெண்டு பேருக்கும் நல்லது" என்று தன் தொப்பையைத் தட்டினாள். டாக்டரம்மாவிடம் கேட்டேன். அடுத்தவர் கொழுப்பை உடம்பு அந்நியமாகப் பார்த்து விரட்டிவிடுமாம். என்னையே அந்நியமாகப் பார்க்கிற உடம்பு, அக்காவை விட்டுவைக்குமா?

சரி. நானே சேர்க்கிறேன். அதுவரை கல்லா.

மார்ச் 30
வாய் முன்போலத் திறப்பதில்லை. முட்டையைச் சின்னச் சின்னதாக நறுக்கி, குழந்தைக் கரண்டியால். பிறகு வெண்ணெய். மறுபடி முட்டை. எதிரே அக்கா வெள்ளரிக்காயைக் கடித்தபடி பார்க்கிறாள். "சோத்தைக் குறை" என்று கேட்டே வளர்ந்தவள். "கொடுத்து வச்சவடி நீ" என்றாள். சிரித்தால் உதடு வெடிக்கும். சிரித்தேன்.

ஏப்ரல் 19
சாப்பிட்டதெல்லாம் நெஞ்சுலயே நிக்குது. என்னால முடியல. எதுக்கு இந்தப் பாடு — கல்லாவுலயே உட்கார்ந்துட்டா என்ன? அழுதேன். அழுதுவிட்டு ஒரு முட்டை தின்றேன்.

மே 20
கிள்ளினார். போதாதாம்.

ஜூலை 8
கிள்ளினார். பிடிக்குள் வந்தது. "வலது கைக்கு மட்டும்தான் வரும்" என்றார். கத்தரி பிடிப்பது வலது கைதானே.

ஆகஸ்ட் 2
செலுத்தியாயிற்று. வயிறெல்லாம் கன்றிப்போய்க் கிடக்கிறது. விரல்கள் வீங்கி ஒன்றோடொன்று முட்டுகின்றன. அக்கா ஊட்டிவிட்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு
ரத்தத்தில் அந்த ஹார்மோன் இன்னும் குறைவுதான். இடது கையும் அப்படியே.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து துண்டைப் போர்த்திக்கொண்டாள். "காதை மட்டும் விட்டு வை" என்றாள். கட்டைவிரல் வளையத்துக்குள் நுழைந்தது, மெதுவாக மடங்கியது. முன்முடியை வெட்டிவிட்டுக் கண்ணாடியைக் காட்டினேன்.

"கோணலா இருக்கே."

"நீ அசைஞ்சே."

அவள் அசையவே இல்லை. மறுபடி கத்தரியை எடுத்து நேராக்கினேன்.

பிறகு முதலாளியம்மாவுக்குப் போன் செய்து, கல்லாவுக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னேன்.