கண்ணாடி இருட்டாயிருந்த படம்

என் ஓரகத்திக்கு,

வெள்ளிக்கிழமை பூஜை அலமாரியைத் துடைக்கும்போது உன் ஹார்ட் டிஸ்க் கையில் வந்தது. மஞ்சள் துணியில் சுற்றி, குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில்தான் இன்னும் வைத்திருக்கிறேன். கற்பூர வாசனை ஏறிவிட்டது. "சாமி பக்கத்துல இதுக்கென்ன வேலைக்கா?" என்று சிரிப்பாய். இந்த வீட்டில் எலியும் பிள்ளைகளும் கை வைக்காத இடம் வேறு எது?

அண்ணனுக்கு நான், தம்பிக்கு நீ என்று இந்த வீட்டுக்கு மருமகள்களாக வந்தோம். உன் சீர்வரிசையில் ஒரு கேமராவும் இருந்தது. அதியமான்கோட்டையில் காதுகுத்து, வளைகாப்பு என்று நீ படம் எடுக்கக் கிளம்ப, லேப்டாப்பில் அவற்றை மாற்றித் தருகிற வேலையை நானாக எடுத்துக்கொண்டேன். எட்டாவதோடு நின்றவள், வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றேன். எந்த விசேஷம், எத்தனை படம், என்ன அளவில் மாற்றினேன் என்று நோட்டில் எழுதி வைப்பேன். கேமரா தருவது ரா ஃபைல். பெரிது, யார் போனிலும் லேசில் திறக்காது. ஜேபெக்காக மாற்றினால்தான் அனுப்ப முடியும். எதையோ விட்டுவிட்டுத்தான் அது சின்னதாகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த வளைகாப்புப் படத்தை மறந்திருக்க மாட்டாய். ஜேபெக்கைத் திறந்து வெளிச்சம் கூட்டிச் சேமித்தேன். மறுநாள் அதையே திறந்து ஓரத்தை வெட்டிச் சேமித்தேன். அப்புறம் நிறம். இப்படி ஆறேழு தடவை. பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்ததும் பெண்ணின் அம்மா நம் வாசலுக்கே வந்துவிட்டார். "ஏனுங்க, பட்டுப்பொடவ கட்டி உக்கார வெச்சா, படத்துல சாக்கு கட்டுனாப்ல இருக்குதுங்களே!"

அடுப்படிக்குள் போய் அழுதேன். நீ பின்னாலேயே வந்தாய்.

"ஏங்க்கா, இட்லி மாவுக் குண்டான்ல தண்ணிய ஊத்துவீங்களா?"

"எதுக்கு ஊத்தறேன்? தோசைக்கு வேணும்னா தனியா எடுத்துக் கரைப்பேன்."

"அதேதான். ரா ஃபைலு குண்டான். வெளிச்சம், நெறம் எல்லாம் அதுல வெச்சே பாத்துக்கோங்க, அது கெடாது. கடசியா ஒரே தடவ ஜேபெக் எடுங்க. மறுக்கா திருத்தணுமா, குண்டானுக்கே வாங்க. நீங்க கரைச்ச மாவையே கரைச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க."

ரா ஃபைலிலிருந்து புதிதாக எடுத்தோம். தரத்தைக் கிட்டத்தட்ட முழுதாக வைத்தாய். சரிகை இழை இழையாக வந்தது. அந்த அம்மா மறுபடி வந்து, "இதுதாங்க எம் பொண்ணு" என்றார்.

லேப்டாப் நிரம்பியபோது நான்தான் கேட்டேன்: "ஜேபெக்தான் இருக்குதே, குண்டானக் கழுவிரலாமா?"

"இருக்கட்டும்க்கா. நம்ம கண்ணுக்கு இன்னிக்குத் தெரியாதது என்னமோ அதுல கெடக்கும்" என்று இந்த டிஸ்க்கை வாங்கி வந்தாய்.

போன வருஷம் ஐந்து நாள் காய்ச்சலில் போய்விட்டாய். இந்த வருஷத் திதிக்கு மாட்ட ஒரு படம் கேட்டார் கொழுந்தனார். ஊரையெல்லாம் எடுத்தவளை ஒருவரும் ஒழுங்காக எடுக்கவில்லை. கல்யாண ஆல்பத்தைக் காட்டினால், "மேக்கப்புல அது அவளே இல்லீங்க அண்ணி" என்றார். வாட்ஸ்அப்பில் பத்துப் பேர் கை மாறி வந்த ஒன்று இருந்தது. தர்மபுரி பிரேம் கடைக்காரர் அதைப் பெரிதாக்கிக் காட்டினார். உன் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. "ஒரிஜினல் இல்லீங்களா?" என்றார்.

திதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. நோட்டைப் பார்த்து ஒவ்வொரு ஃபோல்டராகத் தேடினேன். எதிலும் நீ இல்லை. சலித்துப்போய், அம்மனையாவது பார்ப்போம் என்று அந்த ஆடி வெள்ளிப் படத்தைத் திறந்தேன். உற்சவர் அலங்காரம். "ஃபிளாஷ் கூடாதும்மா, ஒரே படம்தான்" என்று பூசாரி கறாராகச் சொன்ன அன்று நீ எடுத்தது. அம்மனுக்குப் பின்னால், பின்னல் அலங்காரம் தெரிவதற்காக வைத்த கண்ணாடி வெறும் கறுப்பாக இருக்கும். அந்தப் பின்னலைப் பார்க்க ஆசை வந்தது. ஜேபெக்கில் இருட்டைக் குறைத்தேன். கறுப்பும் சாம்பலுமாகத் திட்டுகள்தான் வந்தன.

குண்டானுக்கு வந்தேன். ரா ஃபைலில் நிழலை மெல்ல மெல்ல வெளுக்க வைத்தேன். முதலில் அம்மனின் பின்னல், தாழம்பூ. அம்மன் தோளுக்கு மேலே, கண்ணாடிக்குள், விளக்கு வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழ, கேமராவைக் கண்ணோடு அணைத்துக்கொண்டு நீ.

"தாயே" என்று மட்டும் வாயில் வந்தது. அம்மனைச் சொன்னேனா, உன்னைச் சொன்னேனா, தெரியவில்லை.

நீ சொன்ன மாதிரியே செய்தேன். எல்லாத் திருத்தமும் ராவிலேயே. அப்புறம் ஒரே தடவை ஜேபெக், முழுத் தரத்தில். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் மறுபடி உடையும் என்று கடைக்காரருக்கு டாக்குமெண்டாக அனுப்பினேன். கொஞ்சம் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. ஆனால் அது நீ.

திதியன்று நம் மாமியார் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "ஒத்தக் கண்ணுதான் தெரியுது" என்றார். பிறகு, "அவ நம்மள அப்பிடித்தான பாப்பா" என்று மாலையைத் தானே சாத்தினார். கொழுந்தனார் திரும்பி நின்றுகொண்டார்.

இன்று டிஸ்க்கைத் துடைத்து, இன்னொரு பிரதி எடுத்து, நோட்டில் எழுதிவிட்டு மறுபடி மஞ்சள் துணியில் சுற்றினேன். என் திருத்தங்கள் தனியாகத்தான் பதிவாகின்றன, அந்த ரா ஃபைல் மாறவில்லை. திருத்தங்களை நீக்கிப் பார்த்தால் அம்மன் மட்டும்தான். பின்னால் கண்ணாடி பழையபடி இருட்டாகவே இருக்கிறது. இப்போதெல்லாம் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, அந்த இருட்டையும் ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன்.