விழுங்கிய முந்திரி

மார்ச் 4

மச்சான் பிரிந்து போய் ஒரு மாதம் ஆகிறது. தனிக் கடை போட்டிருக்கிறான், போட்டுக்கொள்ளட்டும். போகும்போது என் வாயையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்பதுதான் சங்கடம். இத்தனை வருஷமும் சரக்கைக் காட்டுவது நான், இங்கிலீஷில் பேசுவது அவன். இனி இரண்டும் நானே.

பெரிய ஓட்டல் குழுமம் ஒன்றின் கொள்முதல் அதிகாரி இருபதாம் தேதி வருகிறார். பெண்மணி, இங்கிலீஷ் மட்டும்தான். அவர்கள் அறைகளில் வைக்க வறுத்த முந்திரிப் பொட்டலங்கள் வேண்டுமாம். இது அமைந்தால் புதிதாக வாங்கிய இரண்டாம் அடுப்பு ஓடும். அமையாவிட்டால் அடுப்பை விற்க வேண்டியதுதான். அதற்காகச் சேர்த்த மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

மார்ச் 6

மருமகளிடம் பாடம் ஆரம்பம். பயண அலுவலகத்தில் வேலை அவளுக்கு, நாள் முழுக்க இங்கிலீஷ்தான்.

"முந்திரியைப் பத்திச் சொல்லுங்க மாமா."

"வெரி வெரி டேஸ்டி. நம்பர் ஒன் குவாலிட்டி."

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அது டப்பா மேல அச்சடிக்கிறது மாமா. சாப்பிடுறவங்க அப்படிப் பேச மாட்டாங்க."

டெலிஷியஸ் சொல்லலாம், ஆனால் வாய்க்கு வாய் சொல்லக் கூடாது. யம்மி குழந்தைகள் சொல்வது. "நீங்க சொன்னா அந்தம்மா பயந்துடுவாங்க." மெல்லிசாக நொறுங்கினால் க்ரிஸ்பி. கெட்டியாக, கடிக்கும்போது சத்தம் கேட்டால் க்ரஞ்சி. முந்திரிக்குப் பட்டரி என்றும் சொல்லலாமாம். வெண்ணெயே போடாத சரக்கை அப்படிச் சொன்னால் நாளைக்குக் கேள்வி வராதா? வராதாம். இங்கிலீஷ்காரர்கள் நம்மைவிடத் துணிந்த வியாபாரிகள்.

மார்ச் 9

சொத்தை, ஈரம், தூசு, சிக்கு வாடை. சரக்கின் குறையைச் சொல்ல என்னிடம் எத்தனை வார்த்தைகள்! வாங்கும்போது குறை சொன்னால்தானே விலை இறங்கும். சரக்கு நன்றாக இருந்தால் பேசாமல் மூட்டையைத் தைக்கச் சொல்லிவிடுவேன். அதற்குத் தமிழிலேயே என்னிடம் வார்த்தை இல்லை.

மார்ச் 12

சாப்பாட்டு மேஜையில் பழகச் சொன்னாள் மருமகள். மனைவி காய்கறி சூப் வைத்திருந்தாள். "திஸ் இஸ் ஸோ குட்" என்றேன்.

"என்னம்மா சொல்றாரு?"

"நல்லாருக்காம் அத்தை."

"அதைத் தமிழ்ல சொன்னா வாய் வெந்துடுமாமா? ஓட்டல்காரிகிட்டச் சொல்றதுக்கு என் சூப்பை வச்சு ஒத்திகை பாக்குறாரு!" "என் தம்பி இருந்திருந்தா இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு?" என்று அடுத்து வரும். வந்தது.

சூப்பைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

மார்ச் 16

ஒரு நல்ல வாசகம் கிடைத்திருக்கிறது. ஐ காண்ட் ஸ்டாப் ஈட்டிங் தீஸ். தின்பதை நிறுத்த முடியவில்லை, அவ்வளவுதான். புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை, ஆனால் ஆளை அசைத்துவிடும். கிடங்கில் நடந்துகொண்டே சொல்லிப் பார்த்தேன்.

வறுவல்காரர் எட்டிப் பார்த்தார். "யாரைத் திட்டுறீங்க முதலாளி?"

மார்ச் 20

சே. எல்லாம் போச்சு.

வந்தார், கிடங்கைச் சுற்றிப் பார்த்தார். தட்டில் முந்திரி வைத்தேன். ஒன்றை எடுத்து மென்றேன். க்ரஞ்சி வந்தது, பட்டரி வந்தது, எதிலும் தடுமாறவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, ஐ காண்ட் ஸ்டாப் ஈட்டிங் தீஸ் என்றேன். சொன்ன கையோடு பேப்பர் கப்பை எடுத்துத் துப்பினேன்.

நான் என்ன செய்வேன்? ருசி பார்க்கிறவன் துப்பத்தான் செய்வான். நாளெல்லாம் மூட்டை மூட்டையாகப் பார்த்து அத்தனையும் விழுங்கினால் நாக்கு எதுக்கு ஆகும்? கை தானாகப் போய்விட்டது. இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? ஒரு எழவும் வரல.

அந்த அம்மாள் கப்பைப் பார்த்தார். நிறுத்த முடியவில்லை என்றீர்களே, ஏன் துப்புகிறீர்கள் என்று கேட்டார். பிறகு தானே இரண்டு எடுத்துத் தின்றார். ஆஃப்டர்டேஸ்ட் என்று ஏதோ சொன்னார். போய்விட்டார்.

மார்ச் 21

"விழுங்கின பிறகு வாயில நிக்குற ருசி மாமா."

"நல்லதா, கெட்டதா?"

"அவங்க முகம் எப்படி இருந்துச்சு?"

"முகத்தை யாரு பாத்தா? கப்பைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

கிடங்குக்குப் போய் அதே தட்டிலிருந்து ஒன்றை எடுத்து மென்று விழுங்கினேன். என் சரக்கை நான் விழுங்கி எவ்வளவு காலம் ஆயிற்று? முதலில் ஒன்றுமில்லை. கொஞ்சம் பொறுத்து, அடித்தொண்டையில் மெல்லிய கசப்பு. இன்னொன்றைப் பிளந்து பார்த்தேன். வெளியே பொன் நிறம், உள்ளே பழுப்பு. புது அடுப்பில் சூடு கூடியிருக்கிறது. துப்புகிறவனுக்கு இது எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது.

வறுவல்காரரையும் ஒன்று தின்னச் சொன்னேன். வாயை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். "நானும் துப்பித்தான் பாக்குறது முதலாளி. உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதானே."

மார்ச் 25

சூட்டைக் குறைத்து, நேரத்தைக் கூட்டி வறுத்தோம். விழுங்கினோம். மறுபடி வறுத்தோம். வயிறு உப்பிசம்.

மார்ச் 27

புதுச் சரக்கில் ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தேன். இன்று நானே போன் போட்டேன். மருமகள் அழகாக எழுதிக் கொடுத்ததெல்லாம் அந்தம்மாள் ஹலோ சொன்னதும் பறந்துவிட்டது. ஃபர்ஸ்ட் ஒன் பிட்டர் ஆஃப்டர்டேஸ்ட். மை மிஸ்டேக். நியூ ஒன் நோ பிட்டர். ஐ ஸ்வாலோ.

அந்தப் பக்கம் சிரிப்பு. பொட்டலம் இன்னும் பிரிக்கவில்லையாம், பார்த்துச் சொல்கிறாராம்.

ஏப்ரல் 3

தகவல் இல்லை. அடுப்பை விலைக்குக் கேட்டு ஒருவன் வந்தான். மச்சான் அனுப்பிய ஆளாக இருக்கலாம். பொறு என்றேன்.

ஏப்ரல் 10

ஓட்டல் ஆர்டருக்காக இரண்டாம் அடுப்பு இன்று முதல் இரண்டு ஷிஃப்ட். மூன்று பேரும் இருக்கிறார்கள். கிடங்கில் இருந்த பேப்பர் கப்புகளை டீக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டுக்கு அதே காய்கறி சூப். ஒரு வாய் குடித்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். மிளகு கடைசியில் வந்தது.

"நல்லாருக்கு" என்றேன்.

மனைவி கரண்டியோடு நின்றாள். "நாளைக்கு யாரு வர்றாங்க?"

"யாரும் வரலை."

இன்னொரு கரண்டி ஊற்றினாள்.