தீபாவளி கழித்து வாங்கு

எம். புதுப்பட்டி

அன்பு மகளுக்கு,

பிள்ளைகளுக்கு டிவியில் மாட்டி ஆடுகிற வீடியோ கேம் வாங்கலாமா என்று போனில் கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. கடைக்கார அபுதாஹிர் மாப்பிள்ளையை எழுதச் சொல்லி அனுப்புகிறேன்.

அது வந்தால் படிப்பு கெடும் என்றுதான் முதலில் எழுதச் சொன்னேன்.

"ஏன் மாமா, உங்க பேரன் முதல் மார்க்குன்னு போன மாசம் மிட்டாய் குடுத்தீகளே?" என்றார். அந்த வரியை அடிக்கச் சொல்லிவிட்டேன்.

உன் கொழுந்தன் வீட்டில் உன் மாமனார் அதை ஆடுவதைப் பார்த்தேன். திரையில் வருகிற எழுத்தை வாசித்து வாசித்துப் பொத்தானை அமுக்குகிறார். என் கையிலும் கொடுத்தார்கள். வாசிக்கத் தெரியாமல் எதையோ அமுக்கினேன், ஆட்டமே அழிந்துபோனது. பேத்தி பிரீத்திகா கோபப்படவில்லை. மெதுவாக வாங்கி அவரிடம் கொடுத்துவிட்டாள்.

பட்டாசில் அப்படி யாரும் என் கையிலிருந்து வாங்கிவிட முடியாது. பேரனுக்கு மூன்று வயதில் கம்பி மத்தாப்பு, நாலு வயதில் சாட்டை, ஐந்து வயதில் சங்குசக்கரம். எல்லாம் நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து நானே கொண்டுவந்தவை. ஒரு வருஷம்கூட மறக்கவில்லை.

அந்த வீடியோ கேம் பெட்டியை வாங்கிக் கொடு தாயி. ஆனால் தீபாவளி கழித்து வாங்கு. அன்றைக்கு ஒரு நாள் உன் மாமனார் ஓரமாக நின்று பார்க்கட்டும்.

"இதையும் எழுதணுமா மாமா?" என்கிறார்.

"அதைத்தான் கொட்டை எழுத்துல எழுதுங்க மாப்ளே" என்றேன்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்கும் உன் அப்பா